கட்டின காசைத் திருப்பிக் கேட்டால் காப்புறுதி எவ்வளவு தூரம் வரும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம், அலுவலகக் கதவைப் பூட்டப் போகிற நேரத்தில் அந்தக் கடைக்காரர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, லீஸும் போச்சு, காசும் போச்சு. நான் கட்டின காசைத் திருப்பித் தாருங்கோ. மிச்ச பில்லைக் கிழிச்சுப் போடுங்கோ. வாடகை கூடினதுக்கு என்ன செய்யப் போறியள் எண்டும் சொல்லுங்கோ."

ஒரே மூச்சில் மூன்று கேள்வி. அன்றைக்கு எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் கேட்டது. மூன்றும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்க ஒரு வாரம் பிடித்தது.

நான் சொலிசிட்டர் இல்லை. லண்டனில் ஒரு சின்னச் சொலிசிட்டர் அலுவலகத்தில் கணக்கும் காப்புறுதியும் பார்க்கிறவன். கட்சிக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். நடந்தது இதுதான்: கடையின் சொந்தக்காரர், வணிகக் குத்தகைகளுக்கான 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்திருந்தார். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்ட முன்னர் புதிய குத்தகை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அல்லது தேதியைத் தள்ளிவைக்க இரு பக்கமும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் குத்தகைக்காரருக்கு இருந்த பாதுகாப்பு போய்விடும். எங்கள் டயறியில் தேதி பிழையாக ஏறியிருந்தது. கோப்பைப் பார்த்தவர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாள் பிந்தினோம். கடைக்காரர் கடையை விடாமல் இருக்க, சொந்தக்காரர் சொன்ன வாடகைக்குக் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. அதுவரை அவர் எங்களுக்குக் கட்டியது 2,800 பவுண்டு. கட்டாமல் இருந்த பில் 1,900 பவுண்டு.

எங்கள் முதலாளியின் முதல் வார்த்தை: "2,800 தானே, குடுத்து அனுப்பிவிடு. இன்சூரன்ஸ்காரனுக்கு ஏன் சொல்லுவான்?"

சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. வேறு வழிகள் இல்லாமல் இல்லை: காப்புறுதி நிறுவனத்திடம் கொடுப்பது, சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கிற லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போக விடுவது, பில்லுக்காக நீதிமன்றம் போவது. எந்த வழியில் எந்தக் காசு யாருடைய பையிலிருந்து போகும் என்று பார்த்துவிட்டால் தெரிவு செய்வது அவ்வளவு கடினமில்லை. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் ஏற்பாடு வேறு.

முதலில் பொலிசி எங்கே நிற்கிறது

இங்கே சொலிசிட்டராகத் தொழில் நடத்துகிற எந்த அலுவலகத்துக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். 1974 ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்தின் 37 ஆம் பிரிவிலிருந்து வருகிற கட்டாயம் அது. முதலில் எல்லோருக்கும் ஒரே பொதுப் பொலிசி இருந்தது. 1987 முதல் 2000 வரை தொழில்காரர்களே காசு போட்டு நடத்திய ஒரு நிதியம் இருந்தது. 2000 செப்டெம்பர் முதல் திறந்த சந்தை. யாரிடம் வாங்கினாலும், ஒழுங்குமுறை அமைப்பான எஸ்ஆர்ஏ விதித்திருக்கிற குறைந்தபட்ச நிபந்தனைகளுக்குக் கீழே அந்தப் பொலிசி இறங்க முடியாது. கூட்டிணைக்கப்பட்ட நிறுவனமென்றால் ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 30 லட்சம் பவுண்டு, தனி ஆள் நடத்துகிற அலுவலகமோ பழைய முறைப் பங்குடைமையோ என்றால் 20 லட்சம். கோரிக்கையை எதிர்த்து வாதாடுகிற செலவு இந்தத் தொகைக்கு வெளியே, எக்ஸஸும் அதில் பிடிக்க முடியாது. எக்ஸஸ் என்பது ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாங்கள் முதலில் கைக்காசாகப் போட வேண்டிய பங்கு. எங்களுக்கு அது 5,000 பவுண்டு.

இவ்வளவையும் பார்த்தால் பொலிசி எதையும் தாங்கும் என்று தோன்றும். தொழில் செய்ததால் வரும் சிவில் பொறுப்பு எல்லாவற்றுக்கும் அது நிற்கும் என்பதுதான் அடிப்படை வாசகம், அது உண்மையிலேயே அகலமானது. ஆனால் 'கட்டணம்' என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வதற்குள் வெவ்வேறு காசுகள் இருக்கின்றன. பொலிசி அவற்றை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

ஒன்று, கட்சிக்காரர் எங்களுக்குத் தந்த கட்டணம். வேலை சரியில்லை, திருப்பித் தா என்று கேட்கிறார். காப்புறுதி நிறுவனத்தின் வழக்கமான பதில்: அது இழப்பீடு இல்லை, நீங்கள் விற்ற சரக்கின் விலை. சரக்குப் பழுதென்றால் விலையைத் திருப்பிக் கொடுப்பது வியாபாரியின் பாடு. குறைந்தபட்ச நிபந்தனைகளிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. லீகல் ஒம்புட்ஸ்மன் கட்டச் சொல்கிற தொகையைப் பொலிசி ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற தீர்மானத்தை மட்டும் கவனமாக வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். இழப்பைக் கணக்கிடும்போது வீணாய்ப் போன கட்டணமும் இழப்பின் ஒரு பகுதி என்று வாதாட இடம் இல்லாமலில்லை. அந்த வாதத்தை நம்பி நான் வரவுசெலவு போட மாட்டேன்.

இரண்டு, எங்கள் பிழையைச் சரிசெய்யக் கட்சிக்காரர் வேறு சொலிசிட்டருக்குக் கட்டிய கட்டணம், அல்லது எங்கள் பிழையால் எதிர்த்தரப்புக்கு அவர் கட்ட வேண்டி வந்த வழக்குச் செலவு. இதுவும் கட்டணம்தான். ஆனால் இது எங்கள் பிழை அவருக்கு உண்டாக்கிய இழப்பு. பொலிசி இதற்கு வரும். கடைக்காரர் பிறகு வேறொரு அலுவலகத்தில் ஆலோசனைக்குக் கொடுத்த 650 பவுண்டு இந்தப் பக்கம் விழுந்தது. எங்களுக்குக் கொடுத்த 2,800 விழவில்லை. பெயர் ஒன்று, விதி வேறு.

மூன்றாவது, நாங்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம்: நீதிமன்றத்தில் வாதாடுகிற பாரிஸ்டர், மருத்துவ அறிக்கை எழுதுகிறவர், மொழிபெயர்ப்பாளர், வழக்குச் செலவுக்குக் கடன் தருகிற நிறுவனம். இது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். பலர் விழுகிற குழியும் இதுதான்.

இம்பாக்ட் வழக்கு

தொழில் இரைச்சலால் காது கேட்காமல் போனவர்களுக்காக வழக்கு நடத்திய ஒரு சொலிசிட்டர் நிறுவனம். மருத்துவ அறிக்கை, நீதிமன்றக் கட்டணம் போன்ற வெளிச்செலவுகளுக்கு இம்பாக்ட் ஃபண்டிங் என்ற நிறுவனம் கட்சிக்காரர்களின் பேரில் கடன் தந்தது. வழக்குகளைக் கவனமாக நடத்துவோம் என்று சொலிசிட்டர் நிறுவனம் அந்தக் கடன் நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் போட்டிருந்தது. கவனமாக நடத்தவில்லை. கடன் திரும்பவில்லை. சொலிசிட்டர் நிறுவனம் நொடித்துப் போக, இம்பாக்ட் நேரே காப்புறுதி நிறுவனமான ஏஐஜியிடம் போனது.

பொலிசியில் ஒரு விலக்கு உண்டு: வியாபாரக் கடன்களும், அலுவலகத்துக்குப் பொருளோ சேவையோ தருகிற ஒப்பந்தத்தை மீறியதால் வரும் பொறுப்பும் காப்புறுதிக்குள் வராது. இந்தக் கடன் ஏற்பாடு அப்படியொரு 'சேவை'யா? உயர் நீதிமன்றம் ஆம் என்றது. 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. 2016 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் மறுபடியும் ஆம் என்றது. வெளிச்செலவுக்குக் கடன் கிடைத்ததால் சொலிசிட்டர் நிறுவனத்துக்கே வழக்குகளும் வருமானமும் வந்தன. அது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த சேவைதான், அந்த ஒப்பந்தத்தை மீறினால் பொலிசி வராது என்று முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொலிசிட்டர்களின் பிழை, பார்க்கப் போனால், தொழில் அலட்சியம்தான். கோப்பைச் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் காப்புறுதி கட்டும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கட்சிக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் கட்டியிருக்கக்கூடிய அதே அலட்சியத்துக்கு, கடன் கொடுத்தவர் கேட்டபோது கட்டவில்லை. என்ன பிழை செய்தோம் என்பதோடு, கேட்கிறவர் யார், எந்த ஒப்பந்தத்தின் கீழ் கேட்கிறார் என்பதையும் பொலிசி பார்க்கிறது. உங்கள் அலுவலகம் இப்படியான கடன் நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கொடுத்திருக்கிற உறுதிமொழிகளை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். பாரிஸ்டருக்குக் கட்டாமல் இருக்கிற காசும் இதே பக்கம்தான். அது வெறும் கடன்.

சரி, இனி கடைக்காரரைக் கதவடியில் நிற்க விட்டுவிட்டு வழிகளைப் பார்ப்போம்.

சத்தமில்லாமல் திருப்பிக் கொடுப்பது

இதில் இருக்கிற கவர்ச்சி புரிகிறது. எக்ஸஸ் 5,000, கேட்கிற காசு 2,800. காப்புறுதி நிறுவனம் ஒரு பென்னிகூடத் தரப்போவதில்லை. சொன்னால் அடுத்த வருடப் படிவத்தில் எழுத வேண்டும், பிரீமியம் ஏறலாம். ஊர் முழுக்கத் தெரிந்த மனிதர், கோயிலில் முகம் பார்க்க வேண்டும். கொடுத்துவிட்டால் முடிந்தது.

ஆனால் முடிகிறதா? கட்டணம் திரும்பிப் போனாலும் வாடகை கூடிய கதை அப்படியே நிற்கிறது. தொழில் அலட்சியத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 6 வருடம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மருமகன் யாராவது கேட்டுவிட்டு, "மாமா, 2,800 தந்தவங்கள் எண்டால் பிழையை ஒத்துக்கொண்டவங்கள் எல்லோ" என்று சொல்வார். அன்றைக்கு நீங்கள் எழுதின கடிதம் மேசைக்கு வரும். அந்தக் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எங்கள் கவலையீனத்தால் நேர்ந்த நட்டத்துக்கு வருந்துகிறோம். நீங்கள் செலுத்திய கட்டணம் முழுவதையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். இத்துடன் இந்த விடயம் முற்றாகத் தீர்ந்ததாகக் கொள்ளவும்."

மூன்று வசனத்தில் மூன்று பிழை. முதல் வசனம் பொறுப்பை ஒப்புக்கொள்கிறது, காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல். இரண்டாவது, நட்டத்தையும் கட்டணத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. மூன்றாவது இன்னும் மோசம்: உங்கள் மேல் வழக்குப் போடக்கூடிய கட்சிக்காரரிடம், வேறு சட்ட ஆலோசனை பெறச் சொல்லாமல், அந்த உரிமையை விட்டுவிடும்படி நீங்களே எழுதுகிறீர்கள். உங்கள் நலனும் அவருடைய நலனும் மோதுகிற இடம் அது. எஸ்ஆர்ஏ இதைப் பார்த்தால் 2,800 பவுண்டு விஷயம் ஒழுங்கு நடவடிக்கையாக மாறும்.

இதில் ஒரு நுணுக்கம். அறிவிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டால் பொலிசி செல்லாமல் போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. இங்கத்தைய குறைந்தபட்ச நிபந்தனைகளில் அப்படி இல்லை. சொலிசிட்டரின் பிழையால் பொதுசனம் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக, காப்புறுதி நிறுவனம் கோரிக்கையைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் உங்கள் நடத்தையால் தனக்குப் பாதகம் ஏற்பட்டிருந்தால், நியாயமான அளவுக்கு அந்தக் காசை உங்களிடமிருந்து திருப்பிக் கேட்கலாம். கட்சிக்காரர் காப்பாற்றப்படுவார், நீங்கள் காப்பாற்றப்பட மாட்டீர்கள்.

ஆகவே இந்த வழி எப்போது சரி? வேலையில் பிழையே இல்லை, விலையில்தான் மனக்குறை என்றால். தொலைபேசிக்கு எடுக்கவில்லை, இரண்டு மாதம் பதில் இல்லை, சொன்னதைவிட பில் கூட. நட்டம் ஒன்றும் இல்லை, இனியும் வராது. அப்போது தாராளமாகக் குறையுங்கள், கொடுங்கள். அதுகூட ஒரு அலுவலக முடிவாக, கோப்பில் காரணம் எழுதி.

காப்புறுதி நிறுவனத்திடம் கொடுப்பது

கடைக்காரர் விஷயத்தில் நாங்கள் கடைசியில் போனது இந்த வழி. இந்தப் பொலிசிகள் கோரிக்கை வந்த காலத்தைத்தான் பார்க்கும். பிழை எப்போது நடந்தது என்பதைப் பார்க்காது. இந்த வருடம் தெரிந்துகொண்டதை இந்த வருடமே அறிவிக்க வேண்டும். கோரிக்கை வராவிட்டாலும், வரக்கூடும் என்ற நிலைமையை அறிவித்து வைக்கலாம். அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்கு மாறினால், முன்னரே தெரிந்திருந்த விஷயம் இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாகிவிடும்.

அறிவித்ததும் ஒரு குழப்பம் வரும். எங்கள் நடத்தை விதிகளின்படி, பிழை நடந்தால் கட்சிக்காரருக்கு ஒளிவு மறைவில்லாமல், உடனே சொல்ல வேண்டும். காப்புறுதி நிறுவனமோ, தன்னைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்கிறது. இரண்டும் முரண் போலத் தெரிந்தாலும் முரண் இல்லை. நடந்ததைச் சொல்வது வேறு, அதனால் இவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்வது வேறு. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: "மனு இன்ன தேதிக்கு முன் போடப்பட வேண்டியிருந்தது. இன்ன தேதிதான் போடப்பட்டது. இதனால் உங்கள் குத்தகை உரிமை பாதிக்கப்பட்டிருக்கலாம். எங்களிடம் உங்களுக்குக் கோரிக்கை இருக்கக்கூடும். ஆகவே வேறொரு சொலிசிட்டரிடம் சுயாதீனமாக ஆலோசனை பெறுங்கள். எங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்திருக்கிறோம்." இதை ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டு, நான் அவருக்குத் தமிழில் வாசித்தும் காட்டினேன். வாசித்து முடிய, "அப்ப நீங்கள் பிழை விட்டிட்டியள் எண்டுதானே சொல்லுறியள்?" என்றார். "என்ன நடந்தது எண்டு சொல்லுறம் அண்ணை. எவ்வளவு தரவேணும் எண்டதை அவை பாத்துச் சொல்லுவினம்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போனார்.

இந்த வழியின் குறைகள்: நேரம் எடுக்கும், கோரிக்கை வரலாற்றில் ஏறும், எக்ஸஸ் நீங்கள் போட வேண்டும். இன்னொன்று, புரோக்கர்கள் தாங்களாகச் சொல்வது குறைவு. காப்புறுதி நிறுவனம் மொத்தமாகப் பேசி முடிக்கும்போது, மேசையில் உங்கள் பில்லும் ஒரு காயாக இருக்கும். "அவர்கள் 1,900 பவுண்டு பில்லை விட்டுவிடுவார்கள், நீங்கள் இவ்வளவுக்கு இறங்குங்கள்" என்று பேச்சுப் போகும். விட்டுக்கொடுக்கிறது உங்கள் காசு, அதனால் மிச்சப்படுவது அவர்கள் காசு. விட்டுக்கொடுத்த பில்லை எக்ஸஸில் கழிப்பீர்களா என்று பேச்சுவார்த்தை தொடங்க முன்னரே எழுத்தில் கேளுங்கள். பதில் 'இல்லை' என்றாலும், கேட்டவனிடம் கொஞ்சம் கவனமாகத்தான் பேசுவார்கள்.

இதே இடத்தில் ஒரு சின்ன மூலை. பில் அனுப்பாமலே கட்சிக்காரர் கணக்கிலிருந்து கட்டணத்தை எடுத்துவிட்டால் அது எஸ்ஆர்ஏ கணக்கு விதி மீறல். அப்படியான மீறலைச் சரிசெய்கிற கடமையையும் குறைந்தபட்ச நிபந்தனைகள் ஒரு கோரிக்கையாகவே எடுத்துக்கொள்கின்றன. அதற்காகக் காப்புறுதியை நம்பி இருக்கச் சொல்லவில்லை. எடுத்த காசை அன்றைக்கே திருப்பிப் போட வேண்டியது பங்காளிகளின் கடமை. பங்காளி ஒருவர் தெரிந்தே எடுத்திருந்தால், நேர்மையீனத்துக்குப் பொலிசி வராது என்ற விலக்கு அவர் மேல் பாயும், அறியாத மற்றப் பங்காளிகள் மேல் பாயாது.

லீகல் ஒம்புட்ஸ்மன்

வெறும் கட்டணத் தகராறுக்கு, என் கணக்கில், இது இரு பக்கத்துக்கும் மலிவான இடம். கட்சிக்காரருக்கு இலவசம். தனி ஆட்கள் மட்டுமல்ல, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற சின்ன வியாபாரங்களும் போகலாம், எங்கள் கடைக்காரர் போன்றவர்கள். முதலில் அலுவலகத்துக்கு முறைப்பாடு, எட்டு வாரம் அவகாசம். எங்கள் இறுதிப் பதில் கிடைத்து 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். 2023 ஏப்ரல் முதல், சம்பவம் நடந்து அல்லது தெரிய வந்து ஒரு வருடத்துக்குள் என்ற எல்லையும் இருக்கிறது. இழப்பீடாக 50,000 பவுண்டு வரை கட்டச் சொல்ல முடியும், கட்டணத்தைக் குறைக்கவும் திருப்பவும் சொல்ல முடியும். எங்களிடம் ஒரு விசாரணைக் கட்டணம் வாங்குவார்கள். முறைப்பாட்டை ஒழுங்காகக் கையாண்டு, முடிவும் எங்கள் பக்கம் என்றால் அதுவும் இல்லை.

கட்சிக்காரர் முடிவை ஏற்றுக்கொண்டால் இரு பக்கமும் கட்டுப்பட வேண்டும், அதே விஷயத்துக்கு அவர் பிறகு நீதிமன்றம் போக முடியாது. சின்ன அலுவலகத்துக்கு இதைவிட நிம்மதி வேறென்ன? 'சத்தமில்லாமல்' கொடுத்தபோது கிடைக்காத முற்றுப்புள்ளி இங்கே கிடைக்கிறது.

விலை இதுதான்: திருப்பிக் கொடுக்கச் சொல்கிற கட்டணம் முழுக்க உங்கள் பை. மேலே சொன்ன விலக்கு இதற்குத்தான் எழுதப்பட்டது. இழப்பீடாகச் சொல்கிற தொகைக்குக் காப்புறுதி வரும், எக்ஸஸுக்கு மேலே போனால். முடிவில் ஒரே தொகையாகப் போட்டிருந்தால் எது கட்டணம், எது இழப்பீடு என்று பிரித்துக் காட்டும்படி கேட்க வேண்டியது நீங்கள். முடிவுகள் அலுவலகத்தின் பெயரோடு வெளியிடப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீதிமன்றம்

பில் கட்டாதவர் மேல் வழக்குப் போடுவது. சட்டப்படி, பில் கொடுத்து ஒரு மாதம் கழிய வேண்டும். மேலே சொன்ன 1974 ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்தின் 70 ஆம் பிரிவு கட்சிக்காரருக்கும் ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. பில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கேட்டால் நீதிமன்றம் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். 12 மாதம் வரை நீதிமன்றத்தின் விருப்பம், அதற்கு மேல் விசேட காரணம் வேண்டும். சரிபார்த்ததில் பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால், சரிபார்ப்புச் செலவும் பொதுவாகச் சொலிசிட்டர் தலையில்.

1,900 பவுண்டு பில்லுக்கு வழக்குப் போட்டால் என்ன வரும்? எதிர்க்கோரிக்கை வரும். கட்சிக்காரர் வேறு ஒரு சொலிசிட்டரிடம் போவார், அவர் கோப்பைக் கேட்டு வாங்குவார், ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டுவார். நித்திரை கொண்டிருந்த பிழையெல்லாம் எழும்பும். அப்போது காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், எக்ஸஸ் போட வேண்டும், பில்லும் வராது. கோப்பில் கறையே இல்லை, தொகை பெரிது, கட்சிக்காரர் நிறுவனம் என்றால் ஒழிய, இந்த வழிக்கு நான் வாக்குப் போட மாட்டேன். எதற்கும் வழக்குப் போட முன்னர், அந்தக் கோப்போடு சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு அதை முழுக்க வாசிப்பியுங்கள்.

நோ வின் நோ ஃபீ, அதாவது வென்றால்தான் கட்டணம் என்ற அடிப்படையில் விபத்து வழக்கு நடத்துகிறவர்களுக்கு 70 ஆம் பிரிவு வேறு அளவில் கடிக்கும். இழப்பீட்டிலிருந்து வெற்றிக் கட்டணம் கழித்ததை எதிர்த்துப் பழைய கட்சிக்காரர்கள் வரிசையாக வந்த காலம் இருந்தது. 2022 இல் பெல்ஸ்னர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொலிசிட்டர் பக்கம் நின்றது. தகராறில் இருந்த வெற்றிக் கட்டணம் வெறும் 385.50 பவுண்டு. இவ்வளவு சின்னக் காசுக்கு இவ்வளவு பெரிய நீதிமன்றம் ஏன், ஒம்புட்ஸ்மன் இருக்கிறாரே என்றும் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. பிறகு 2024 ஒக்டோபரில் மென்சீஸ் எதிர் ஓக்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு கதவைத் திறந்துவிட்டது: பில்லை அனுப்பிவிட்டு இழப்பீட்டிலிருந்து நீங்களே கழித்துக்கொண்டால் அது 'கட்டியது' ஆகாது, அந்தத் தொகைக்குக் கட்சிக்காரர் சம்மதித்திருக்க வேண்டும். கட்டி 12 மாதம் கடந்தால் சரிபார்க்கவே முடியாது என்ற சுவரை நம்பியிருந்தவர்களுக்கு அந்தச் சுவர் இல்லாமல் போனது. 300 பேருக்குத் தலா 400 பவுண்டு திருப்ப வேண்டி வந்தால் 1,20,000. அதில் காப்புறுதி தரும் என்று எதிர்பார்க்கக்கூடிய தொகை பூச்சியம். அதற்கு ஒதுக்கு நிதி ஒன்றுதான் காப்புறுதி. அத்தோடு தொகையை எழுதிக் காட்டி, கட்சிக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குகிற பழக்கமும்.

கூடக் காசு கட்டினால் தீருமா

புதுப்பிக்கிற காலத்தில் புரோக்கர் மேலதிகத் தொகைக்குப் பொலிசி காட்டுவார். 30 லட்சத்துக்கு மேல் இன்னொரு 50 லட்சம். வீடு, காணி வேலை நிறைய இருந்தால் தேவைதான். ஆனால் அதனால் பொலிசியின் உயரம்தான் கூடும், அகலம் கூடாது. கட்டணத் திருப்பமும் வியாபாரக் கடனும் கீழே வெளியே நின்றால் மேலேயும் வெளியேதான். சட்டச் செலவுக் காப்புறுதி என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், பில் தகராறில் உங்கள் வழக்கறிஞர் செலவுக்கு அது உதவலாம், திருப்பிக் கொடுக்கிற காசுக்கு உதவாது. நான் காசு போடுவதென்றால் எக்ஸஸைக் குறைக்கத்தான் போடுவேன். 5,000 ஐ 2,500 ஆக்க எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். எக்ஸஸ் சின்னதாக இருந்தால், "இன்சூரன்ஸ்காரனுக்கு ஏன் சொல்லுவான்" என்ற ஆசையும் சின்னதாகும்.

கடைக்காரர் விஷயம் பதினொரு மாதம் இழுத்தது. வாடகை வித்தியாசத்துக்கும் அந்த 650 க்கும் சேர்த்து 27,000 பவுண்டுக்கு முடிந்தது, அதில் 5,000 எங்கள் எக்ஸஸ். 2,800 ஐத் திருப்பிக் கொடுக்கலாமா என்று காப்புறுதி நிறுவனத்தைக் கேட்டோம், பொறுப்பு ஏதும் ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணமாகக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் அது உங்கள் காசு என்று பதில் வந்தது. 1,900 பில் பேச்சுவார்த்தையில் கரைந்தது. எக்ஸஸில் கழிப்பீர்களா என்று நான் கேட்ட மின்னஞ்சலுக்கு ஒரு வரிப் பதில்: இல்லை.

மொத்தம் 9,700 எங்கள் பக்கம். கணக்குப் புத்தகத்தில் அதை ஒரே தலைப்பில் எழுதச் சொன்னார் முதலாளி. நான் மூன்று வரியாக எழுதினேன்.